மரபணு படியெடுக்கப்படுவது எப்படி? பீட்டா குளோபினைப் பின்தொடர்ந்து ஒரு முழு வழிகாட்டி

உங்கள் தோல் செல்லில் பீட்டா குளோபின் மரபணு இருக்கிறது. ஈரல் செல்லிலும் இருக்கிறது, மூளைச் செல்லிலும் இருக்கிறது, ஓர் எழுத்துகூடக் குறையாமல். ஹீமோகுளோபினில் பாதியைத் தருவது இந்த மரபணுதான். ஆனால் அது மும்முரமாக வாசிக்கப்படுவது ஓரிடத்தில்தான்: எலும்பு மஜ்ஜையில் வளர்ந்துகொண்டிருக்கும் சிவப்பணுவில். அங்கே வாசிப்பு கொஞ்சநஞ்சமில்லை. சிவப்பணு முதிர்ந்து உட்கருவைத் துறக்கும் சமயத்தில், அதற்குள் மிச்சமிருக்கும் தூது ஆர்என்ஏவில், அதாவது மரபணுக்களின் படிகளில், மிகப் பெரும்பகுதி குளோபின்களுடையதுதான். நம் உடல் நொடிக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்பணுக்களை உருவாக்குகிறது. ஒவ்வொன்றையும் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகளால் நிரப்ப வேண்டும். வாசிப்பு அந்த வேகத்தில் நடந்தால்தான் கட்டுப்படியாகும்.

ஆக, மரபணு இருப்பது வேறு, அது வாசிக்கப்படுவது வேறு. எங்கே, எப்போது, எவ்வளவு என்ற மூன்று கேள்விகளுக்குச் செல் எப்படி விடை சொல்கிறது என்பதுதான் இந்த வழிகாட்டி. பொதுப்படையாகச் சொல்லாமல் பீட்டா குளோபினை மட்டும் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இந்த ஒரு மரபணுவிலும் அதன் அக்கம்பக்கத்திலும் பீட்டா தலசீமியாவை, அதாவது பீட்டா குளோபின் போதாமல் வரும் பரம்பரை ரத்தசோகையை, உண்டாக்கும் எழுத்து மாற்றங்கள் 200-க்கும் மேல் தெரியவந்திருக்கின்றன. ஒன்று ஒரு கட்டத்தை உடைக்கிறது, இன்னொன்று வேறு கட்டத்தை. எந்த ஆய்வகமும் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாத சோதனைகள் அவை. ஒவ்வொரு படியிலும் "இது உடைந்தால் என்ன ஆகிறது" என்று பார்த்துக்கொண்டே போவோம்.

தொடங்குமுன் சில சொற்கள்

டிஎன்ஏவில் எழுத்துகள் நான்கு: ஏ, டி, ஜி, சி. இரண்டு இழைகள் முறுக்கிக் கிடக்கின்றன. ஏ-க்கு எதிரே டி, ஜி-க்கு எதிரே சி. மனித மரபணுத்தொகுதி ஒன்றில் சுமார் 310 கோடி எழுத்துகள். புரதத்துக்கான மரபணுக்கள் சுமார் 20,000. புரதமாக நேரடியாக மாறும் எழுத்துகள் மொத்தத்தில் 2 சதவீதம்கூட வராது. மீதியை ஒரு காலத்தில் குப்பை என்று தள்ளினார்கள். இப்போது சிலர் எல்லாமே பொக்கிஷம் என்கிறார்கள். இரண்டுமே மிகை. அந்த மீதியில் சிதறிக் கிடக்கும் சில நூறு எழுத்து நீளத் துண்டுகள்தான் நம் கதையின் முக்கியப் புள்ளிகள்.

டிஎன்ஏவைப் பார்த்து ஆர்என்ஏ எழுதுவதைப் படியெடுத்தல் என்கிறோம். கல்வெட்டுக்காரர்களும் இதே சொல்லைத்தான் சொல்வார்கள். கல்லின் மேல் ஈரத்தாளை ஒட்டி, மை ஒற்றி, மைப்படி எடுப்பார்கள். கல் கோயில் சுவரிலேயே இருக்கும். தாள்தான் ஆய்வாளரின் மேசைக்குப் போகும். செல்லிலும் டிஎன்ஏ உட்கருவை விட்டு நகராது, படிதான் வெளியே போகிறது. படியில் டி-க்குப் பதிலாக யு என்ற எழுத்து வரும்.

இன்னும் இரண்டு சொற்களை நானே வைத்துக்கொள்கிறேன்: இடம், ஆள். டிஎன்ஏவில் ஒரு குறிப்பிட்ட எழுத்து வரிசை, அது இடம். அந்த வரிசையை அடையாளம் கண்டு வந்து உட்காரும் புரதம், அது ஆள். இடம் எல்லாச் செல்லிலும் உண்டு. எந்த ஆள் எந்தச் செல்லில் இருக்கிறார் என்பதுதான் மாறும். மரபணுக் கட்டுப்பாட்டில் பெரும்பகுதியை இந்த இரண்டு சொற்களாலேயே சொல்லிவிடலாம்.

படி 1: முகவரி

பீட்டா குளோபின் இருப்பது 11-வது குரோமோசோமின் குட்டைக் கையில், நுனியை ஒட்டி. அது தனியாக இல்லை. எப்சிலான், இரண்டு காமாக்கள், டெல்டா, கடைசியில் பீட்டா என ஐந்து குளோபின் மரபணுக்கள் வரிசையாக நிற்கின்றன. கரு உருவான முதல் சில வாரங்கள் எப்சிலான், பிறகு பிறக்கும்வரை பெரும்பாலும் காமா, பிறப்பை ஒட்டிப் பீட்டா. குரோமோசோமில் எந்த வரிசையில் நிற்கின்றனவோ, வாழ்க்கையிலும் அதே வரிசையில் இவற்றின் முறை வருகிறது. டெல்டா மட்டும் ஒப்புக்குச் சப்பாணி. பெரியவர்களிடம் இரண்டு மூன்று சதவீத ஹீமோகுளோபினுக்கு மேல் அதன் பங்கு இல்லை. இவற்றோடு ஜோடி சேரும் ஆல்பா குளோபின் 16-வது குரோமோசோமில் இருக்கிறது.

பீட்டா சின்ன மரபணு, சுமார் 1,600 எழுத்துகள். அதன் புரதத்தில் 146 அமினோ அமிலங்கள். மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்றால் 438 எழுத்து போதும். மிச்சம் ஏன் என்பது படி 6-இல் வரும்.

படி 2: கட்டை அவிழ்ப்பது

ஒரு செல்லின் டிஎன்ஏவை நீட்டினால் சுமார் 2 மீட்டர். அது அடைந்து கிடக்கும் உட்கருவின் குறுக்களவு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான். ஹிஸ்டோன் என்ற புரதங்கள் எட்டு சேர்ந்து ஓர் உருளை. அதில் 147 எழுத்து நீள டிஎன்ஏ ஒன்றே முக்கால் சுற்றுச் சுற்றிக்கொள்ளும். இதுதான் நியூக்ளியோசோம். இப்படிக் கோடிக்கணக்கில் சுற்றி, மேலும் மடித்துக் கட்டி வைத்திருக்கிறது செல்.

கட்டிய சுவடியை வாசிக்க முடியாது. 1976-இல் ஹெரால்ட் வெயின்ட்ராபும் மார்க் குரூடினும் இதைக் கோழிச் செல்களில் காட்டினார்கள். கோழியின் சிவப்பணுவில் உட்கரு உண்டு என்பது வசதி. டிஎன்ஏவை வெட்டும் நொதியை உட்கருவுக்குள் கொஞ்சம் விட்டார்கள். சிவப்பணு வகைச் செல்லில் குளோபின் மரபணு சீக்கிரம் வெட்டுப்பட்டது. வேறு வகைச் செல்லில் அதே மரபணு தாக்குப்பிடித்தது. எழுத்து ஒன்றுதான், ஆனால் ஒரு செல்லில் கட்டு தளர்ந்திருக்கிறது, இன்னொன்றில் இறுகியிருக்கிறது.

தளர்த்துவது யார்? முதலில் வருபவர் கேட்டா1 என்ற ஆள். சிவப்பணு வழியில் செல்லும் செல்களில் இவர் ஏராளம். தோலிலோ ஈரலிலோ இல்லை. ஜி-ஏ-டி-ஏ என்ற எழுத்துகளைச் சுற்றி அமையும் இடங்களில் உட்காருவதால் இந்தப் பெயர். உட்கார்ந்ததும் மற்ற புரதங்களை இழுத்து வருகிறார். அவற்றில் சில ஹிஸ்டோன்களின் வாலில் அசிட்டைல் குழுவை ஒட்டி டிஎன்ஏவின் மேலுள்ள பிடியைத் தளர்த்துகின்றன. சில, ஆற்றலைச் செலவழித்து உருளைகளையே நகர்த்துகின்றன. மாறாக, மூடி வைக்க வேண்டிய இடங்களில் சி என்ற எழுத்தின் மேலேயே மெத்தில் குழு ஒட்டப்படுகிறது. பெரியவர்களின் சிவப்பணு வழிச் செல்களில் காமாவின் தொடக்கப் பகுதி இப்படி மெத்தில் ஏறியே இருக்கிறது. 1982-இல் மெத்திலைக் குறைக்கும் அசாசைட்டிடின் என்ற மருந்தை ஒரு தலசீமியா நோயாளிக்குக் கொடுத்தபோது காமா மறுபடி ஓடத் தொடங்கியது. மூடிய மரபணு செத்த மரபணு அல்ல என்பதற்கு அது நல்ல சாட்சி.

பள்ளிப் பாடத்தில் மரபணுக் கட்டுப்பாடு என்றாலே பாக்டீரியாவின் லாக் ஓபரான்தான் வரும், பால் சர்க்கரையைப் பயன்படுத்தும் மரபணுக்களின் தொகுப்பு. பிரான்சுவா ஜாக்கோப்பும் ஜாக் மோனோவும் 1961-இல் சொன்ன அழகான கதை அது. ஆனால் அதை அப்படியே நம் செல்களுக்குக் கொண்டுவந்தால் குழப்பம்தான். பாக்டீரியாவில் மரபணு பொதுவாகத் திறந்தே இருக்கும், ஆள் வந்து மறித்தால் நிற்கும். நம்மிடம் மூடியிருப்பதே வழக்கம். ஆட்கள் பலர் கூடித் திறக்க வேண்டும்.

படி 3: தொடக்கத்தில் கூட்டம் கூடுவது

படியெடுக்கும் நொதியின் பெயர் ஆர்என்ஏ பாலிமரேஸ். நம் உட்கருவில் மூன்று வகை உண்டு என்று 1969-இல் ராபர்ட் ரோடரும் வில்லியம் ரட்டரும் கண்டறிந்தார்கள். புரத மரபணுக்களை வாசிப்பது இரண்டாவது வகை. பிரமாதமான இயந்திரம்தான், ஆனால் எங்கே தொடங்குவது என்று அதற்குத் தானாகத் தெரியாது. தொடக்கப் புள்ளியைக் காட்ட மரபணுவுக்குச் சற்று முன்னால் இருக்கும் பகுதிதான் புரோமோட்டர்.

பீட்டா குளோபினின் புரோமோட்டரில் இரண்டு இடங்களை மட்டும் நினைவில் வைத்தால் போதும். தொடக்கத்துக்குச் சுமார் 30 எழுத்து முன்னால் டி-யும் ஏ-யும் மாறி மாறி வரும் டாட்டா பெட்டி. அங்கே உட்காரும் ஆள் டிஎன்ஏவைச் சட்டென்று வளைத்துவிடுகிறார். அந்த வளைவை அடையாளமாக வைத்து எல்லாச் செல்லுக்கும் பொதுவான மற்ற ஆட்களும் பாலிமரேஸும் வந்து சேர்கின்றன. சுமார் 90 எழுத்து முன்னால் சி-ஏ-சி-சி-சி என்ற வரிசை. இங்கே உட்காருபவர் கேஎல்எஃப்1, சிவப்பணு வழியில் மட்டும் இருப்பவர். டாட்டா பெட்டி எந்தச் செல்லின் பாலிமரேஸுக்கும் பொது வாசல். சி-ஏ-சி-சி-சி சிவப்பணுவுக்கு மட்டுமான திறவுகோல் துளை.

இரண்டிலும் தலசீமியா உண்டு. தொடக்கத்துக்கு 28 எழுத்து முன்னால் ஓர் ஏ, ஜி ஆகிவிட்டால் டாட்டா பெட்டி கெடுகிறது. சீனர்களிடம் இது தெரிந்த மாற்றம். 88 எழுத்து முன்னால் ஒரு சி, டி ஆனால் கேஎல்எஃப்1-இன் பிடி தளர்கிறது; இது இந்தியர்களிடமும் கண்டறியப்பட்டது. இரண்டிலும் புரதத்தின் எழுத்தில் ஒரு பிழையும் இல்லை. வரும் பீட்டா குளோபின் நூற்றுக்கு நூறு சரியானது, ஆனால் போதவில்லை. பொதுவாக இவை மிதமான வகை, ஏனென்றால் ஓர் எழுத்து மாறியதால் இடம் பலவீனமாகிறதே தவிர அழிந்துபோவதில்லை.

படி 4: தூரத்திலிருந்து வரும் கட்டளை

இந்தப் படியில் கொஞ்சம் நின்று போவோம்.

1983-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் தலசீமியா ஆராய்ச்சியாளர்களைத் திணறடித்தது. குரோமோசோமில் சுமார் 1 லட்சம் எழுத்துகள் அழிந்துபோயிருந்தன. ஆனால் பீட்டா மரபணுவும் அதன் புரோமோட்டரும் அப்படியே இருந்தன. அந்த மரபணுவை வெளியே எடுத்து வேறு செல்லில் போட்டால் நன்றாக ஓடியது. அதன் சொந்த இடத்தில் மட்டும் ஊமை. அப்படியானால் அழிந்துபோன அந்தத் தொலைதூரத் துண்டில் ஏதோ இருந்திருக்க வேண்டும்.

1987-இல் லண்டனில் ஃபிராங்க் குரோஸ்வெல்ட் குழு அதைக் கண்டுபிடித்தது. எப்சிலானுக்கும் முன்னால், பீட்டாவிலிருந்து 50,000 எழுத்துகளுக்கு அப்பால் ஒரு பகுதி. அதுவரை பீட்டா மரபணுவைச் சுண்டெலியின் மரபணுத்தொகுதிக்குள் செருகினால் சொற்பமாகத்தான் ஓடும், அதுவும் எங்கே போய் விழுந்தது என்பதைப் பொறுத்து. இந்தப் பகுதியையும் சேர்த்துச் செருகியபோது எங்கே விழுந்தாலும் முழு வேகத்தில் ஓடியது. இன்று இதை எல்சிஆர் என்ற சுருக்கப் பெயரில் அழைக்கிறார்கள். குளோபின் வட்டாரம் முழுவதையும் ஆளும் பகுதி. இதைப் போலத் தூரத்திலிருந்து ஒரு மரபணுவை ஊக்குவிக்கும் பகுதிகளுக்குப் பொதுப்பெயர் என்ஹான்சர். நம் மரபணுத்தொகுதியில் இவை லட்சக்கணக்கில் உள்ளன.

50,000 எழுத்து தொலைவிலிருந்து கட்டளை எப்படிப் போகிறது? கயிறு வளைவதைப் போல டிஎன்ஏ வளைந்து, எல்சிஆர் நேராகப் புரோமோட்டரின் பக்கத்தில் வந்து அமர்கிறது. நடுவில் உள்ளது வளையமாகத் தொங்குகிறது. 2002-இல் இது சிவப்பணு முன்னோடிகளில் நேரடியாகக் காட்டப்பட்டது. வளையம் காரணமா, விளைவா என்ற சந்தேகம் பிறகும் இருந்தது. பத்து வருடம் கழித்து ஜெர்டு பிளோபெலின் குழு அதைத் தீர்க்க ஒரு காரியம் செய்தது. இரண்டு முனைகளையும் பிணைக்கும் எல்டிபி1 என்ற புரதத்தை, கேட்டா1 இல்லாத செல்லில், பீட்டாவின் புரோமோட்டரில் வலுக்கட்டாயமாகக் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். வளையம் உருவானது, மரபணுவும் ஓடத் தொடங்கியது. இரண்டு வருடம் கழித்து அதே தந்திரத்தைக் காமாவின் புரோமோட்டரில் செய்தபோது, பெரியவர்களின் செல்லில் தூங்கிக்கொண்டிருந்த காமா விழித்தது.

இதிலிருந்து ஒன்று விளங்கும். எல்சிஆர் ஒன்றுதான், காமாவும் பீட்டாவும் அதற்குப் போட்டி. அது காமாவிடம் போனால் பீட்டாவுக்கு இல்லை. யார் பக்கம் வளைவது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: மரபணு குழாய்த் தண்ணீர்போல ஒரே சீராக ஓடுவதில்லை. திடீரென்று சில படிகள், பிறகு இடைவெளி, மறுபடி சில படிகள் என்று விட்டுவிட்டுத்தான் ஓடுகிறது. என்ஹான்சர் பெரும்பாலும் கூட்டுவது இந்த ஓட்டம் எத்தனை முறை வருகிறது என்பதை.

படி 5: கிளம்புவது

கூட்டம் கூடியாயிற்று, இழைகள் பிரிந்தாயிற்று, பாலிமரேஸ் எழுதத் தொடங்கிவிட்டது. ஆனால் நம் மரபணுக்களில் பலவற்றில் சுமார் 20 முதல் 60 எழுத்து எழுதியதும் அது நின்றுவிடுகிறது, வண்டி ஸ்டார்ட் ஆகி கியர் போடாமல் உறுமுவதைப் போல. மறுபடி நகர்த்த, பாலிமரேஸின் வாலில் பாஸ்பேட் ஏற்றும் ஒரு நொதி வர வேண்டும். அந்த வால் விசித்திரமானது: ஏழு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே தொடர் மனிதரில் 52 முறை திரும்பத் திரும்ப வருகிறது. வாலில் எங்கெங்கே பாஸ்பேட் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் அடுத்தடுத்த வேலையாட்கள் வந்து தொற்றிக்கொள்கிறார்கள். சுண்டெலியில் எல்சிஆரை நீக்கியபோது பாலிமரேஸ் பீட்டாவின் புரோமோட்டருக்கு ஓரளவு வந்து சேர்ந்துகொண்டுதான் இருந்தது; அதிகம் அடிபட்டது இந்த நகர்வுக் கட்டம்தான்.

ஆர்என்ஏவின் நுனி வெளியே தலைகாட்டியதும் அதற்கு ஒரு தொப்பி போடப்படுகிறது, தலைகீழாக ஒட்டப்பட்ட ஒரு ஜி. தொப்பி இல்லாத ஆர்என்ஏவை நொதிகள் தின்றுவிடும். தொப்பி விழும், படியின் முதல் எழுத்தான ஏ, சி-யாக மாறிய மிக மிதமான தலசீமியா இந்தியரிடம் பதிவாகியிருக்கிறது. பாலிமரேஸ் இப்போது நிமிடத்துக்குச் சில ஆயிரம் எழுத்து வேகத்தில் ஓடுகிறது. பீட்டா குளோபினுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

படி 6: வெட்டி ஒட்டுவது

1,600 எழுத்தில் 438 மட்டும் புரதத்துக்கு என்று சொன்னேன். 1977-இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. ரிச்சர்ட் ராபர்ட்ஸும் பிலிப் ஷார்ப்பும் அடினோ வைரஸில் மரபணு துண்டு துண்டாக இருப்பதைக் கண்டார்கள். அதற்குத்தான் 1993-இல் நோபல். அதே வருடம் அலெக் ஜெஃப்ரீஸும் ரிச்சர்ட் ஃபிளாவெலும் முயலின் பீட்டா குளோபின் நடுவே புரதத்துக்குச் சம்பந்தமில்லாத பெரிய துண்டு ஒன்று செருகியிருப்பதைப் பார்த்தார்கள். அந்த ஜெஃப்ரீஸ்தான் பிற்பாடு டிஎன்ஏ கைரேகையைக் கண்டுபிடித்தவர்.

வேண்டிய துண்டு எக்ஸான், வேண்டாத துண்டு இன்ட்ரான். பீட்டாவில் மூன்று எக்ஸான்கள், நடுவில் இரண்டு இன்ட்ரான்கள்: முதலாவது 130 எழுத்து, இரண்டாவது 850. ஆர்என்ஏ எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போதே இன்ட்ரான்கள் வெட்டி எறியப்பட்டு எக்ஸான்கள் ஒட்டப்படும். வெட்டும் இடம் எப்படித் தெரிகிறது? இன்ட்ரானின் தொடக்கம் ஜி-டி, முடிவு ஏ-ஜி. ஆனால் இரண்டெழுத்து அடையாளம் எங்கும் கிடைக்குமே? அதனால் ஜி-டிக்குப் பின்னாலுள்ள சில எழுத்துகளையும் சேர்த்தே வெட்டும் இயந்திரம் சரிபார்க்கிறது.

இந்தியாவில் மிக அதிகமாகக் காணப்படும் பீட்டா தலசீமியா மாற்றம் உட்கார்ந்திருப்பது இங்கேதான். முதல் இன்ட்ரானின் 5-வது எழுத்து, ஜி-யாக இருக்க வேண்டியது, சி. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இதுவே பரவலானது. அடையாளத்தின் முக்கிய இரண்டெழுத்து அப்படியே இருக்கிறது, பக்கத்து எழுத்து ஒன்றுதான் மாறியது. அதற்கே வெட்டும் இயந்திரம் தடுமாறி, அக்கம்பக்கத்தில் இதுவரை யாரும் சீண்டாத, சற்றே இதைப்போன்ற மூன்று இடங்களில் வெட்டத் தொடங்குகிறது. பெரும்பாலான படிகள் கோணலாகிவிடுகின்றன. புரதத்தில் இடம்பெறாத, வெட்டி எறியப்படவே பிறந்த ஓர் எழுத்து மாறியதற்காக ஒரு குழந்தை வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இன்ட்ரான் என்றால் சும்மா என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் இது.

எதிர் உதாரணமும் உண்டு. ஹீமோகுளோபின் ஈ என்பது எக்ஸானில் நடக்கும் மாற்றம், ஓர் அமினோ அமிலத்தை மாற்றுகிறது. அத்தோடு பக்கத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு போலி வெட்டு இடத்தையும் எழுப்பிவிடுவதால் அளவும் குறைகிறது. ஒரே எழுத்து, இரண்டு விதமான சேதம்.

படி 7: எங்கே நிறுத்துவது

பாலிமரேஸுக்குத் தொடங்கத் தெரியாததுபோலவே நிறுத்தவும் தெரியாது. மரபணுவின் இறுதியில் ஏ-ஏ-டி-ஏ-ஏ-ஏ என்று ஆறெழுத்து இருக்கிறது. இது ஆர்என்ஏவில் தெரிந்ததும், சற்றுத் தள்ளி ஆர்என்ஏ வெட்டப்பட்டு, வெட்டிய முனையில் சுமார் 200 ஏ-க்கள் வாலாகச் சேர்க்கப்படும். வாலும் தொப்பியும் இருந்தால்தான் படிக்கு ஆயுள். பாலிமரேஸ் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். வெட்டுப்பட்ட மீதி ஆர்என்ஏவை இன்னொரு நொதி பின்னாலிருந்து தின்றுகொண்டே துரத்தி வந்து பாலிமரேஸைப் பிடித்துத் தள்ளிவிடுகிறது.

அந்த ஆறெழுத்தில் டி ஒன்று சி ஆன தலசீமியா இருக்கிறது. அங்கே ஆர்என்ஏ வெட்டப்படாமல் சுமார் 900 எழுத்து கூடுதலாக நீள்கிறது. கோணல் படிகளுக்கு ஆயுள் கம்மி.

காலம்: காமாவிலிருந்து பீட்டாவுக்கு

இனி கையில் வைத்திருந்த கேள்விக்கு வருவோம். அதற்கு முன் இன்னொரு நோய். அரிவாள் செல் சோகையில் பீட்டாவின் ஆறாவது அமினோ அமிலத்துக்கான ஜி-ஏ-ஜி, ஜி-டி-ஜி ஆகிவிடுகிறது. படியெடுப்பு கச்சிதமாக நடக்கும், எழுதியிருப்பதே தவறு. இந்தியாவில் இந்த மரபணு முதன்முதலில் பதிவானது நீலகிரிப் பழங்குடிகளிடம், 1952-இல். அதற்குச் சில வருடங்கள் முன்பு, 1948-இல், நியூயார்க்கின் குழந்தை மருத்துவர் ஜேனட் வாட்சன் ஒன்றைக் கவனித்திருந்தார்: நோயுள்ள பச்சிளம் குழந்தைகளின் சிவப்பணுக்கள் அவ்வளவாக அரிவாள் வடிவம் எடுப்பதில்லை. வயிற்றுக் காலத்து ஹீமோகுளோபின், அதாவது காமா, இன்னும் மிச்சமிருப்பதால்தான் என்று அவர் ஊகித்தார். சரியான ஊகம். காமா குறையக் குறையத்தான் நோய் தலைதூக்குகிறது.

இதற்குப் பெரியவர்களிலும் சான்று உண்டு. அரபு–இந்திய வகை என்று சொல்லப்படும் அரிவாள் செல் குரோமோசோமில், ஒரு காமாவின் தொடக்கத்துக்கு 158 எழுத்து முன்னால் சி இருக்க வேண்டிய இடத்தில் டி இருக்கிறது. இந்த வகை உள்ளவர்களிடம் காமா கூடுதலாகத் தங்குகிறது. நோயும் ஆப்பிரிக்க வகைகளைவிடப் பலருக்கு மிதம். எல்லாருக்கும் அல்ல, அதனால் சிகிச்சையில் மெத்தனம் கூடாது.

அப்படியென்றால் பிறந்தபின் காமாவை அணைப்பது யார்? காமா வகை ஹீமோகுளோபின் கூடுதலாகவும் குறைவாகவும் உள்ளவர்களின் டிஎன்ஏவை ஒப்பிட்டபோது 2-வது குரோமோசோமில் ஓரிடம் தனித்துத் தெரிந்தது: பிசிஎல்11ஏ என்ற மரபணு. அதுவரை வெள்ளணுக்கள் சம்பந்தமாகத்தான் அதன் பேர் அடிபட்டிருந்தது. 2008-இல் பாஸ்டனில் விஜய் சங்கரனும் ஸ்டூவர்ட் ஆர்கினும் அதைச் சிவப்பணு முன்னோடிகளில் குறைத்துப் பார்த்தார்கள். காமா ஏறியது. அணைக்கும் ஆள் கிடைத்துவிட்டார். அவர் உட்காரும் இடமும் பிறகு துல்லியமாகத் தெரிந்தது: காமாவின் தொடக்கத்துக்குச் சுமார் 115 எழுத்து முன்னால் டி-ஜி-ஏ-சி-சி-ஏ. அதே ஆறெழுத்தில் பிறவியிலேயே மாற்றம் உள்ள சிலருக்கு வாழ்நாள் முழுக்கக் காமா நிற்பதே இல்லை, அவர்கள் சுகமாகவும் இருக்கிறார்கள். பிசிஎல்11ஏ அங்கே உட்கார்ந்தால் எல்சிஆர் காமா பக்கம் வளைவதில்லை, பீட்டாவிடம் போகிறது.

சரி, பிசிஎல்11ஏவை அழித்துவிட்டால் நோய் தீருமே? முடியாது. பி செல்கள் உருவாகவும், மூளை வளரவும், ரத்தத்தின் தாய்ச் செல்கள் நன்றாக இருக்கவும் அது வேண்டும். ஆளை ஊரைவிட்டே துரத்தக் கூடாது; சிவப்பணு என்ற ஒரே தெருவில் மட்டும் அவர் நடமாட்டத்தை நிறுத்த வேண்டும்.

வழி படி 4-இல் இருந்தது. பிசிஎல்11ஏவும் ஒரு மரபணுதானே, அதற்கும் ஒரு என்ஹான்சர் இருக்க வேண்டும். 2013-இல் டேனியல் பாவரும் ஆர்கினும் அதன் இரண்டாவது இன்ட்ரானுக்குள் அதைக் கண்டுபிடித்தார்கள். சிவப்பணு வழியில் மட்டும் வேலை செய்யும் என்ஹான்சர். அதை ஊக்குவிக்கும் ஆள் வேறு யாருமில்லை, நம் பழைய கேட்டா1. அவர் உட்காரும் அந்தச் சிறு இடத்தைச் சிதைத்தால் சிவப்பணுவில் மட்டும் பிசிஎல்11ஏ குறையும், காமா எழும். மற்றச் செல்களில் எதுவும் மாறாது.

கேஸ்ஜெவி என்ற சிகிச்சை செய்வது அவ்வளவுதான். நோயாளியின் தாய்ச் செல்களை எடுத்து, டிஎன்ஏவைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் என்ற கத்தரியால் அந்த இடத்தை வெட்டி, பழைய மஜ்ஜையை மருந்தால் காலிசெய்து, திருப்பி ஏற்றுவார்கள். 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் ஒப்புதல் கொடுத்தன. அமெரிக்க ஒப்புதலின்போது, போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 31 அரிவாள் செல் நோயாளிகளில் 29 பேருக்குக் குறைந்தது ஒரு வருடம் கடும் வலித் தாக்குதல் வரவில்லை. அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். நீலகிரியின் ஓர் இருளர் குடும்பத்துக்கு இந்த எண்ணால் எந்தப் பயனும் இல்லை. அங்கே இப்போதைக்குக் கைகொடுப்பது, காமாவைக் கொஞ்சம் கூட்டும் ஹைட்ராக்சியூரியா மாத்திரைதான்.

நீங்களே பார்க்க

இவ்வளவும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மரபணுத்தொகுதியை வரைபடமாகக் காட்டும் யுசிஎஸ்சி ஜீனோம் பிரவுசர் என்ற தளத்தைத் திறந்து, மனித மரபணுத்தொகுதியின் எச்ஜி38 பதிப்பைத் தேர்ந்து, தேடல் பெட்டியில் பீட்டா குளோபினின் சுருக்கப் பெயரான எச்பிபி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டுங்கள். 11-வது குரோமோசோமில் 52 லட்சத்து 26 ஆயிரமாவது எழுத்தின் சுற்றுவட்டாரத்துக்குப் போய் நிற்கும். தடித்த பட்டைகள் மூன்று எக்ஸான்கள், நடுவிலுள்ள மெல்லிய கோடுகள் இன்ட்ரான்கள். முதல்முறை பார்ப்பவர்கள் தவறும் இடம்: இந்த மரபணு எதிர் இழையில் இருக்கிறது, எனவே வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும். புரோமோட்டர் வலப்பக்கம்.

வலப்பக்கமாக 52 லட்சத்து 90 ஆயிரம் வரை விரித்துப் பாருங்கள். அசிட்டைல் ஏறிய ஹிஸ்டோன்களின் தடத்தை இயக்கினால் கே562 என்ற செல் வகையின் நிறத்தில் மேடுகள் எழும்பி நிற்கும், அதுதான் எல்சிஆர். ஆனால் பீட்டாவின் மேல் மேடு இல்லையே என்று குழம்ப வேண்டாம். கே562 செல்களில் ஓடுவது எப்சிலானும் காமாவும், பீட்டா ஓடாது.

அப்புறம் பிசிஎல்11ஏவைத் தேடுங்கள். 2-வது குரோமோசோம், 6 கோடியே 4 லட்சத்து 95 ஆயிரத்தை ஒட்டிய பகுதி. அங்கே தடித்த பட்டை எதுவும் தெரியாது, வெறும் கோடுதான். எழுத்துகள் தெரியும்வரை பெரிதாக்கி, டி-டி-ஏ-டி-சி-ஏ என்ற ஆறெழுத்தைத் தேடுங்கள். எதிர் இழையில் வாசித்தால் அதுவே டி-ஜி-ஏ-டி-ஏ-ஏ. கேட்டா1 உட்காரும் இடம், கேஸ்ஜெவியின் கத்தரி விழும் இடம்.